ஃபெர்ன் காட்டேஜ் வாசலில்

அதை அந்த வாசலில் வைத்துச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று இன்னமும் தோன்றுகிறது.

சொன்னது பொய் இல்லை. இங்கிலாந்தின் கார்ன்வால் கரையில், போர்ட் ஐசக் என்ற மீன்பிடி ஊரில் இருக்கும் ஃபெர்ன் காட்டேஜ், 'டாக் மார்ட்டின்' என்ற பிரிட்டிஷ் டிவி தொடரில் வரும் கிளினிக்கின் வெளிப்புறம் மட்டும்தான். டாக்டர் நோயாளிகளைக் கடிந்துகொள்ளும் அறையும் சமையலறையும் பக்கத்துப் பண்ணையின் பழைய களஞ்சியத்துக்குள் போட்ட செட். 2004 முதல் 2022 வரை பத்து சீசன்களும் அப்படித்தான் எடுத்தார்கள்.

அந்த ஊரைச் சுற்றிக்காட்டும் வழிகாட்டி நான். அன்று என் குழுவில் வந்த ஒரு அம்மா மதில்மேல் கை வைத்து நின்றிருந்தார். "இந்த ஜன்னலுக்குப் பின்னாலதானே அவர் உட்கார்ந்திருப்பார்?" என்று கேட்டார். "இல்லைங்க, அந்த அறை இங்கே இல்லை. உள்ளே எடுத்ததெல்லாம் ஒரு களஞ்சியத்தில்" என்றேன். "அப்படியா" என்று கையை எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான் நடந்தது.

என் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. அது ஆட்கள் தங்கும் வீடு. ராஸ்காராக் ஹில் ஏற்றத்தில் மூச்சு வாங்க வந்து நிற்கும் 15 பேரில் முதல் மூன்று பேர் நேராக ஜன்னலில்தான் சாய்வார்கள். தனியார் வீடு என்று சொன்னால் அரை அடி நகர்வார்கள். அந்த அறை உள்ளே இல்லை என்று சொன்னால் முழுக்க நகர்ந்துவிடுவார்கள். கூட்டத்தைக் கலைக்க இதைவிட வேகமான வாக்கியம் எனக்குத் தெரியாது. உறுத்துவதும் அதுதான். அன்று உண்மை என்பதற்காகச் சொன்னேனா, அவரை நகர்த்தச் சொன்னேனா?

இதைச் சொல்ல வேண்டிய இடம் வேறு. மேலே கார் நிறுத்துமிடத்திலிருந்து பாறை ஓரப் பாதையில் வந்து ஃபோர் ஸ்ட்ரீட்டைத் தொட்டால் பழைய பள்ளிக்கூடம் வரும். தொடரிலும் அது பள்ளிக்கூடம்தான், இன்று ஹோட்டல். அங்கிருந்து துறைமுகம் முழுக்கத் தெரியும், எதிர்ச் சரிவில் ஃபெர்ன் காட்டேஜும் தெரியும். தூரத்தில் பார்த்துக்கொண்டே கேட்கும்போது அந்தச் செய்தி யாரையும் அவ்வளவாகக் குத்தாது. ஒரே தொல்லை, காற்று. கடல் பக்கமிருந்து அடிக்கும் நாளில் பின்வரிசைக்குப் பாதிதான் போய்ச் சேரும்.

அன்று அங்கே நிற்கவே இல்லை. ஓதம் ஏறிக்கொண்டிருந்தது. வற்றும்போது துறைமுகம் முழுக்க மணல்தான், நடுவில் நின்று ஊரை அண்ணாந்து பார்க்கலாம். ஆனால் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் இந்தக் கரையில் நீர்மட்டம் 6 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். வற்றிய நேரத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் கணக்கு வைக்க வேண்டும், தாமதித்தால் பிளாட் என்கிற படகுச் சரிவோடு நடை நின்றுவிடும். மணலைக் காட்டுவதற்காகப் பள்ளிக்கூடத்தை விட்டேன். இன்றைக்கும் அதையே செய்வேன் என்றுதான் நினைக்கிறேன்.

திரும்பும் வழியில் ஈடுகட்டப் பார்த்தேன். செட் இல்லாததையெல்லாம் காட்டினேன். பிளாட்டில் இன்றும் நண்டும் சிங்கி இறாலும் இறங்குகின்றன. கயிறு காயாத கூண்டுகள் அடுக்கியிருந்தன, கிட்டப் போனால் பழைய இரை மீனின் நாற்றம். 1893இல் பக்கத்து ஊரான டெலபோலுக்கு ரயில் வரும்வரை அங்குள்ள குவாரியின் ஸ்லேட் கல் வண்டியில் இறங்கி, பெரும்பாலும் பக்கத்துத் துறையான போர்ட் கேவர்னிலிருந்து கப்பலேறியது. ஸ்குவீஸி பெல்லி சந்துக்கு வந்தோம். மிகக் குறுகிய இடத்தில் ஒன்றரை அடி அகலம்தான். முதுகுப் பையைக் கழற்றிக் கையில் முன்னால் பிடித்து, ஒருவர் வெளியே போன பிறகு அடுத்தவர் நுழைய வேண்டும். அவசரப்பட்டால் நடுவில் இருவர் சிக்கி இரண்டு பக்கமும் வரிசை நின்றுவிடும். அந்த அம்மா பக்கவாட்டில் திரும்பி, உள்ளங்கையைச் சுவரில் தேய்த்தபடி மெதுவாகக் கடந்தார். வெளியே வந்து, "இது நிஜமான சந்துதானே?" என்றார். ஆமாம் என்றேன். ஆறுதலாகக் கேட்டாரா, என்னை நம்பாமல் கேட்டாரா, முகத்திலிருந்து தெரியவில்லை.

இப்போது எந்த ஓதமானாலும் பள்ளிக்கூடத்தருகே நிற்கிறோம். முன்வரிசைக்குச் சொன்னதைப் பின்னால் போயும் ஒரு தடவை சொல்கிறேன். இருந்தும் ஃபெர்ன் காட்டேஜ் வாசலில் யாராவது ஒருவர் அதே கேள்வியோடு மதிலைத் தொடுகிறார். சில நாள் பதில் சொல்கிறேன், சில நாள் சுற்றியுள்ள கூரைகளின் ஸ்லேட்டைக் காட்டி நகர்ந்துவிடுகிறேன். ஜன்னலில் யாராவது சாய்ந்தால் மட்டும் உடனே களஞ்சியத்தைச் சொல்லிவிடுகிறேன்.