தியலுமவுக்கு டிசம்பர்ல போங்க

இங்க கனடாவுல நம்ம பள்ளிக்கூடச் சங்க மலருக்கு ஏதாச்சும் எழுதித் தாங்கன்னு செயலாளர் ரொம்ப நாளா கேட்டுக்கிட்டே இருந்தாரு, என்னத்த எழுதுறதுன்னு இழுத்தடிச்சுக்கிட்டு இருந்தேன். போன சங்கக் கூட்டத்துல நம்ம ஆளுங்க சில பேரு ஆகஸ்ட் லீவுக்கு ஊருக்குப் போன கதைய சொன்னதும்தான் எழுதியே ஆகணும்னு ஆயிருச்சு. அவ்வளவு தூரம் பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு தியலும அருவிய பாக்கப் போனோம், கறுப்புப் பாறைதான் தெரியுது, தண்ணிய எங்கன்னு தேட வேண்டியிருக்கு, இதுக்கா சின்ன வயசுல அவ்வளவு பில்டப் குடுத்தீங்கன்னு பிள்ளைகள் கேக்குதுன்னு ஒரே புலம்பல்.

ஆகஸ்ட்ல போனா அப்படித்தான் இருக்கும். இலங்கையில ஊவா மாகாணத்துல பொறந்து வளந்தவங்களே இத மறந்துட்டா எப்படி? மே மாசம் தொடங்கி செப்டம்பர் வரைக்கும் அடிக்கிற தென்மேல் பருவ மழையெல்லாம் ஹட்டன், மஸ்கெலியா, கினிகத்தேனப் பக்கம் கொட்டித் தீத்துடும், மலையத் தாண்டி நம்ம பக்கம் இறங்கும்போது அது வெறும் காஞ்ச கச்சான் காத்து, தோட்டத்து லயத்து (வரிசை வீட்டு) கூரைத் தகரத்தத் தூக்கிட்டுப் போற அதே காத்து. அந்தக் காத்துலதான் ஊவா தேயிலைக்கு அந்த வாசமும் வருது, ஏலத்துல விலையும் போகுது. தேயிலைக்கு நல்லது, அருவிக்குக் கூடாது. நமக்கு மழைன்னா ஒக்டோபர்ல இடியோட தொடங்கி ஜனவரி வரைக்கும். அதனாலதான் நம்ம ஜியோகிரபி சேர் ட்ரிப்ப எப்பவுமே மூணாந்தவணைப் பரீட்சை முடிஞ்ச கையோட, டிசம்பர் தொடக்கத்துல வச்சாரு. ஏன் சேர் இந்தக் கொட்டுற மழையில, ஏப்ரல் லீவுல போகலாமேன்னு கேட்டவனுக்கு அவரு சொன்ன பதில் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். "அப்ப வேணும்னா உன் வீட்டு பீலிக்கரைய போய்ப் பாத்துக்க." பீலிக்கரைன்னா குழாய்த் தண்ணி புடிக்கிற எடம்.

அவரு பேர எழுத வேணாம்னு அவரே சொல்லிட்டாரு, அதனால சேர்னே எழுதுறேன். நம்ம காலத்துப் பிள்ளைகளுக்கு யாருன்னு தெரியும்.

90கள்ல ட்ரிப் போறதுன்னா இப்ப மாதிரி இல்ல. யுத்த காலம், வழியில செக்போஸ்ட், எறங்கு, ஏறு, பேக்க தொற. அடையாள அட்டை எடுக்குற வயசு பாதிப் பேருக்கு இல்லாததால பிரின்சிபல் கையெழுத்துப் போட்டு சீல் குத்தின லிஸ்ட் ஒண்ண சேர் பிளாஸ்டிக் கவருக்குள்ள வச்சு நெஞ்சோட அணைச்சுக்கிட்டே வருவாரு. பண்டாரவளையில விடிய முன்னமே பஸ் வெளிக்கிட்டா ஹப்புத்தளையில பனி முன்னுக்கு ஒண்ணும் தெரியாது, பெரகலையில திரும்பி கொஸ்லந்தப் பக்கம் எறங்க எறங்கத்தான் மேகம் விலகி கீழ வெல்லவாய பக்கத்துச் சமவெளி பரந்து கெடக்குறது தெரியும். முன் சீட்டுல இருந்து பாட்டு, பின் சீட்டுல இருந்து வாந்தி, அந்த வளைவுகள் அப்படி.

தியலும 220 மீட்டர். ரோட்டுல பஸ்ஸ நிப்பாட்டினா நேர எதுர தெரியும், அண்ணாந்து பாத்து படம் எடுத்துட்டு வடை தின்னுட்டுப் போற ஆளுங்கதான் நூத்துக்குத் தொண்ணூறு. சேர் அங்க நிப்பாட்டினது பாடம் நடத்த. நம்ம நாடே மூணு படியா ஒசந்திருக்கு, கடலோரச் சமவெளி ஒரு படி, அதுக்கு மேல 500 மீட்டர் மட்டத்துல ஒண்ணு, அதுக்கும் மேல ஹோர்ட்டன் சமவெளி, நுவரெலியா எல்லாம் இருக்குற படி, ஒரு படியில இருந்து அடுத்த படிக்கு ஆறு இறங்குற ஓரத்துலதான் பெரிய ஃபோல்ஸ் எல்லாம் வரிசையா இருக்கு, மேப்ப எடுத்துப் பாருங்கன்னாரு. ஆடம்ஸ்ங்கிற பாறை ஆராய்ச்சிக்காரரு 1929ல இது அரிமானத்தால, அதாவது பாறை அரிபட்டு, கட்டம் கட்டமா ஆனதுன்னு எழுதினாரு, பிறகு வாடியான்னு இன்னொரு ஆராய்ச்சிக்காரரு வந்து இல்ல, பாறைத் துண்டுகள் பிளவு வழியா மேல தள்ளப்பட்டு வந்ததுன்னாரு. "எது சேர் சரி?" "பரீட்சைக்கு ரெண்டையும் எழுது, மார்க்ஸ் கெடைக்கும்."

இதுல எனக்கு ஒரு சந்தோசம் என்னன்னா, இங்க கனடாவுக்கு வந்து எத்தனையோ வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சுச்சு அந்த ஆடம்ஸ் மொன்றியல் மக்கில் யுனிவர்சிட்டி புரொபசர்னு, கட்டுரை வந்ததும் கனடாவுல வர்ற ஆராய்ச்சி சஞ்சிகையிலதான்னு. நம்ம மலைக்கு முதல்ல படி எண்ணினது இந்த நாட்டுக்காரரு, நாம இங்க வந்து ஸ்னோ தள்ளிக்கிட்டு இருக்கோம். சேருக்கு போன்ல சொன்னேன், சிரிச்சுட்டு, "அப்ப நோட் கொப்பியில எழுதல போல"ன்னாரு.

பாடம் முடிஞ்சதும் திரும்ப பஸ்ல ஏறி, தோட்டத்துப் பாதை வழியா மேல. தியலுமவ கீழ இருந்து பாக்குறது ஒரு விஷயம், அதோட தலைக்கு நடந்து போறது வேற விஷயம். இப்ப அந்தப் பாதையில வெள்ளக்காரங்க கூட்டம் கூட்டமா போறாங்க, அப்ப எங்களத் தவிர யாரும் இல்ல. மானாப் புல்லு ஆள் ஒசரத்துக்கு நிக்கும், கையால விலக்கினா தோல கீறி விட்டுடும், உள்ள நனைஞ்ச மண்ணு.

இந்த இடத்துலதான் கிளாஸ்ல இருந்த வரிசை தலைகீழா மாறுச்சு. டவுன்ல கடை வச்சிருந்த வீட்டுப் பிள்ளைகள் நாங்க, புது கென்வஸ் சப்பாத்து, அதுவும் அடிப்பக்கம் வழவழன்னு, நாலு அடி வச்சா ரெண்டு அடி சறுக்குது. தோட்டத்துல இருந்து தினம் மலையேறி எறங்கி ஸ்கூலுக்கு வந்த பிள்ளைகள் செருப்பக் கழட்டி பேக்குல வச்சுட்டு விரல மண்ணுல ஊனி விறுவிறுன்னு ஏறிடுச்சுங்க. கிளாஸ்ல பின் பெஞ்சுல இருந்து வாயத் தொறக்காத வாச்சர் (தோட்டக் காவல்காரர்) மகன்தான் அன்னைக்கு எல்லாருக்கும் முன்ன போனான். எங்க கால் வைக்கணும், எந்தக் கல்லு ஆடும், எங்க ரத்தம் உறிஞ்சுற அட்டை கூடுதல்னு திரும்பித் திரும்பி சொல்லிக்கிட்டே போனான். சேரே அவனக் கேட்டுக் கேட்டுத்தான் நடந்தாரு. எங்க பள்ளிக்கூடத்துல எந்தப் பரிசளிப்பு விழாவுலயும் அவன் மேடையேறினதா எனக்கு ஞாபகமில்ல, அத இப்ப நினைச்சாலும் ஒரு மாதிரித்தான் இருக்கு.

அட்டையப் பத்தி சொல்லாம இந்தக் கட்டுரைய முடிச்சா யாரும் என்ன மன்னிக்க மாட்டீங்க. காலுக்கு சவுக்காரம் (சோப்பு) தடவிட்டு வரச்சொல்லி சேர் முன்னமே சொல்லியிருந்தாரு, டவுன் பிள்ளைகள் வெக்கப்பட்டுக்கிட்டு தடவல. மேல ஏறி சொக்ஸ உருட்டினப்போ கணுக்கால் சுத்தி வரிசையா தொங்குது, கடிக்கும்போது ஒண்ணுமே தெரியாது, புடுங்கினாத்தான் ரத்தம் நிக்காது, ஏன்னா ரத்தம் உறையாம இருக்க அது உள்ள ஒண்ணக் கலந்துட்டுத்தான் குடிக்கும். பிள்ளைகள் கத்தின கத்துல அடுத்த மலையில கொழுந்து எடுத்துக்கிட்டு இருந்தவங்க கூடையும் இடுப்புல கட்டின படங்குமா நின்னு எட்டிப் பாத்தாங்க. ஒரு பெரியம்மா சுருக்குப் பையில இருந்து வாயில மென்னுக்கிட்டு இருந்த பொயலையில கொஞ்சம் எடுத்து, "இதத் தேய்டா ராசா, தானா விழுந்துடும்"னு குடுத்தாங்க. விழுந்துச்சு.

மேல போனா அது ஒரு அருவி இல்ல. தியலுமவா விழுற பூனாகல ஓயாங்கிற ஆறு விளிம்புக்கு வர முன்னாடியே சின்னச் சின்னதா படி படியா குதிச்சு, ஒவ்வொரு படிக்குக் கீழயும் பாறையக் குடைஞ்சு தொட்டி கட்டி வச்சிருக்கு. தண்ணியோட சுத்தி வர்ற கல்லும் மணலும் வருஷக்கணக்கா அரைச்சு அரைச்சு வந்த குழிங்க அதெல்லாம், பாக்க ஆழம் இல்லாத மாதிரி இருக்கும், உள்ள எறங்கினா கால் எட்டாது. பொடியன்கள் சட்டையக் கழட்டத் தொடங்கினாங்க. சேர் விடல. முதல்ல தண்ணி ஓரமா போய் குந்தினாரு. பாறையில தண்ணி தொட்டுக்கிட்டு இருந்த எடத்துக்கு ஒரு விரல்கடை மேல, காஞ்ச எடமா பாத்து, முந்திரிக்கொட்ட அளவு கல்லு ஒண்ண வச்சாரு. "இந்தக் கல்லு நனையுற வரைக்கும் குளிக்கலாம். நனைஞ்சா ஒரு வார்த்தை பேசாம எல்லாரும் மேல ஏறணும்." ரெண்டு பேர காவலுக்கு விட்டாரு, மாறி மாறி. காவலுக்கு நின்னவங்களுக்கு வேற வேலையும் இருந்துச்சு, தண்ணி நெறம் மாறுதா, சருகும் சுள்ளியும் கூடுதலா வருதா, சத்தம் கனக்குதான்னு பாக்கணும்.

நமக்கு மேல வெயில் அடிச்சுக்கிட்டு இருக்கும், பூனாகலப் பக்க மலையில மழை பெய்ஞ்சிருக்கும், அந்தத் தண்ணி நமக்கு வந்து சேர கொஞ்ச நேரம் எடுக்கும், அந்தக் கொஞ்ச நேரத்துலதான் ஆளுங்க உசிரு போறது. அன்னைக்கும் வானம் நீலமாத்தான் இருந்துச்சு. வாச்சர் மகன்தான் முதல்ல காதக் குடுத்தான், பிறகு "சேர்"ன்னான், அவ்வளவுதான். எல்லாரும் நனைஞ்ச துணியோட மேல நின்னு பாத்துக்கிட்டு இருக்கும்போதே தண்ணி தேத்தண்ணி நெறத்துக்கு மாறி, கல்லு வச்ச எடமே தெரியாம போயிருச்சு. குளிச்சுக்கிட்டு இருந்த தொட்டி பொங்கி வழிஞ்சு அடுத்த படிக்குப் பாய்ஞ்சுச்சு. யாரும் ஒண்ணும் பேசல, பிறகு யாரோ ஒருத்தன் சிரிச்சான், அதோட எல்லாரும்.

சாப்பாடு பாறை மேலதான், லன்ச் ஷீட்டுல சுத்தின தேங்காய் ரொட்டியும் கட்டச் சம்பலும், சம்பல் பாதி தண்ணி.

பம்பரகந்த அருவிக்கும் பிறகு ஒரு வருஷம் போனோம், கலுபஹனயில எறங்கி நடந்து. 263 மீட்டர், நாட்டுலயே ஒசந்தது, ஆனா உண்மையச் சொன்னா எனக்கு அது அவ்வளவு மனசுல ஒட்டல. பாதையெல்லாம் பைனஸ் மரம், கீழ புல்லு பூண்டு இல்ல, காஞ்ச ஊசி இலைதான், அதுல மழை விழுந்தா பாறைய விட மோசமா சறுக்கும். சென் கிளயார் வேற கதை. தலவாக்கலையில இருந்து ஹட்டன் ரோட்டுல போகும்போது அகலமா விரிஞ்சு விழுந்த அந்த அருவிய இப்ப போய் பாக்குறவங்க அப்ப எப்படி இருந்துச்சுன்னு நினைச்சே பாக்க முடியாது. மேல் கொத்மலைத் திட்டம் 2012ல தொறந்த பிறகு ஆத்துத் தண்ணி சுரங்கத்து வழியா மின்சாரத்துக்குப் போகுது, அருவிக்குப் பகல்ல மட்டும் அளந்து விடுறாங்க. 150 மெகாவாட் நாட்டுக்குத் தேவைதான், அத நான் இல்லன்னு சொல்லல. ஆனாலும் டைம்டேபிள் போட்டு விழுற அருவியப் பாக்க எனக்கு மனசு வரல.

2014 ஒக்டோபர் 29 காலையில கொஸ்லந்த மீரியபெத்தைத் தோட்டத்துல மண்ணு சரிஞ்சு லயம் லயமா மூடின செய்தி வந்தப்போ நாங்க கொஞ்சப் பேரு இங்க போன்லயே உக்காந்திருந்தோம். தியலுமவுக்குப் போற அதே ரோட்டுப் பக்கத்து மலை. இடம் ஆபத்துன்னு முன்னமே எச்சரிக்கை குடுத்திருந்ததா பிறகு பேப்பர்ல வந்துச்சு. போகச் சொன்னா மட்டும் போதுமா, போறதுக்கு எடம் வேணாமா? டிசம்பர்ல நமக்கு அருவி நெறையக் குடுக்குற அதே மழைதான் அந்த மண்ணையும் ஊறப் போடுது. மலையேறப் போறவங்க மழை நாள்ல மண்சரிவு எச்சரிக்கை என்ன மட்டத்துல இருக்குன்னு பாத்துட்டுப் போங்க, சிவப்புன்னா அருவி எங்கயும் ஓடிடாது, விட்டுடுங்க.

இங்க ஹமில்டன் பக்கம் ஃபோல்ஸ் நூத்துக்கு மேல இருக்கு, பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு டியூஸ் ஃபோல்ஸ் போயிருக்கேன், 41 மீட்டர், ஒன்லைன்ல நேரம் புக் பண்ணி, கார் பார்க் பண்ணி, வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு பாத்துட்டு வரணும். குறை சொல்லல, வேலி நல்லதுதான். மகள் ஒரு கல்லப் பொறுக்கி தண்ணி ஓரத்துல வைக்கணும்னு நின்னா, தண்ணிக்கிட்ட போகவே விடலயே.

சரி, விஷயத்துக்கு வர்றேன். அடுத்த வருஷம் பள்ளிக்கூட விழாவுக்குப் போற ஐடியா இருக்குறவங்க டிக்கெட்ட டிசம்பருக்குப் போடுங்க, விலை கூடுதல்தான், தெரியும். ஆகஸ்ட்லதான் லீவுன்னா ஊவாவுல அருவி தேடாம லக்ஷபான, அபர்தீன் அருவிப் பக்கம் போங்க, அங்க அப்பத்தான் தண்ணி. தியலும தலைக்கு ஏறுறதுன்னா தோட்டத்துப் பொடியன் ஒருத்தனக் கூட கூட்டிக்கிட்டுப் போங்க, குடுக்குற காச கொஞ்சம் தாராளமா குடுங்க, பேரம் பேசாதீங்க. நல்ல கிரிப் இருக்குற சப்பாத்து, சவுக்காரம், காய்ஞ்ச துணி ஒரு செட் கட்டாயம்.

அந்த டிசம்பர் ட்ரிப்ல ரோல் கெமராவுல எடுத்த படம் யார்கிட்டயாச்சும் இருக்கணும், பஸ்ஸுக்கு முன்னால சேர் தொப்பியோட நிக்கிறது ஒண்ணு எடுத்தது எனக்கு நல்லாத் தெரியும். இருந்தா ஸ்கேன் பண்ணி செயலாளருக்கு அனுப்புங்க, அடுத்த மலர்ல போடலாம். வாச்சர் மகன் இப்ப எங்க இருக்கான்னு தெரிஞ்சவங்க எனக்குத் தனியா ஒரு மெசேஜ் போடுங்க.