ஒரு செல்லிலிருந்து வளர்ந்த ஈஸ்ட்

நொதித்தல் ஆய்வுகளைப் படிக்க உட்காரும்போதெல்லாம் என் மனம் 1883ஆம் ஆண்டிற்கே போய்விடுகிறது. பீர் ஆலை உரிமையாளர் ஜே. சி. ஜேக்கப்சன் 1875இல் கோபன்ஹேகனில் நிறுவிய கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில், எமில் கிறிஸ்டியன் ஹான்சன், பீர் கெடுவதற்குப் பாக்டீரியா மட்டுமன்றிக் காட்டு ஈஸ்ட்டும் காரணம் என்று கண்டு, ஒரே ஒரு செல்லிலிருந்து தூய ஈஸ்ட்டை வளர்த்தெடுத்தார். அதைப் பூட்டி வைக்காமல் மற்ற பீர் ஆலைகளுக்கும் கொடுத்தார்கள். அறிவியல் இப்படித்தான் பரவ வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அமில, காரத் தன்மையைக் குறிக்கும் பிஎச் அளவீட்டை 1909இல் சோரன்சென் வகுத்ததும் இதே ஆய்வகத்தில்தான்.

ஈஸ்ட்டின் நலத்தைக் கண்ணால் காண மெத்திலீன் நீலம் என்ற சாயம் போதும். உயிருள்ள செல் அச்சாயத்தை நிறமற்றதாக்கிவிடுவதால், நுண்ணோக்கியில் வெளிறிய வட்டங்களுக்கு நடுவே இறந்தவை மட்டும் நீலப் புள்ளிகளாகத் தெரியும்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி டைஅசிட்டைல் என்ற வேதிப்பொருள். நொதித்தலின்போது ஈஸ்ட் வெளியேற்றும் அசிட்டோலாக்டேட் என்ற பொருள், செல்லுக்கு வெளியே தானாகவே வெண்ணெய் மணமுள்ள டைஅசிட்டைலாக மாறுகிறது. பிறகு அதே ஈஸ்ட் அதை உள்வாங்கி, மணம் குறைந்த அசிட்டாயினாக மாற்றிவிடுகிறது. பொறுமையிழந்து பீர் நொதிக்கும் தொட்டியை முன்னதாகவே குளிர்வித்தால் இந்த இரண்டாம் வேலை முடியாமல் நின்றுவிடும். ஆகவே பீர் மாதிரியை மூடிய குடுவையில் எடுத்து, மிச்சமுள்ள அசிட்டோலாக்டேட் விரைவில் டைஅசிட்டைலாக மாறும்படி வெந்நீரில் சிறிது நேரம் வைத்து, ஆறிய பின் முகர்ந்து பார்க்கிறார்கள். வெண்ணெய் மணம் எழுந்தால், தொட்டி இன்னும் சில நாள் காத்திருக்க வேண்டும்.