பேருந்தில் இருந்து இறக்கப்பட்டவர்களின் கணக்கு

போலீசார் ஒருவரைக் கைது செய்தால் அதற்குக் காகிதம் உண்டு. கைது செய்த நேரம், இடம், சாட்சியின் கையெழுத்து, உறவினருக்குச் சொன்ன தகவல் ஆகிய எல்லாவற்றையும் எழுத்தில் கொண்டுவர வேண்டும் என்று டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் வகுத்துக் கொடுத்தது. அந்த நடைமுறைகள் பெரும்பாலும் இன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் இருக்கின்றன. ஆனால் போகும் பேருந்தை மறித்து, உள்ளே ஏறி, ஐம்பது பயணிகளில் நான்கு பேரை மட்டும் கீழே இறக்கி, பையைக் குடைந்து, ஊரையும் பேரையும் கேட்டு, சாலையோரத்தில் குந்த வைத்துவிட்டுப் பிறகு "போ" என்று அனுப்பிவிட்டால் அதற்கு ஒரு துண்டுச் சீட்டும் கிடையாது. அந்த நான்கு பேர் ஏன், மற்றவர்கள் ஏன் இல்லை என்பதை எங்கும் எழுதி வைக்க வேண்டியதில்லை. இந்த எழுதப்படாத பகுதியைப் பற்றித்தான் நான் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

நான் ஆந்திர எல்லையில், நகரி–புத்தூர் வட்டாரத்தில் ஒரு வழக்கறிஞரிடம் குமாஸ்தாவாக வேலை செய்கிறேன். எங்கள் வீட்டில் தமிழ், கோர்ட்டில் தெலுங்கு. இரு மாநில எல்லைத் தகராறு பற்றிய படாஸ்கர் தீர்ப்பின்படி 1960 ஏப்ரல் முதல் தேதி திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது எங்கள் பக்கம் ஆந்திராவிலேயே நின்றுவிட்டது. ஆகவே திருத்தணியில் இருந்து திருப்பதிக்குப் போகும் சாலையில் தமிழ் பேசுவது இங்கே புதுமையும் அல்ல, குற்றமும் அல்ல. ஆனாலும் இந்தச் சாலையில் தமிழ் பேசும் எல்லோரும் ஒரே மாதிரி பார்க்கப்படுவதில்லை. மொட்டை போட வரும் குடும்பத்தை யாரும் ஏறிட்டும் பார்ப்பதில்லை. பெண்களோ பிள்ளைகளோ இல்லாமல், கைலியோடும் ஒரு துணிப்பையோடும், ஜவ்வாது மலைப் பக்கத்துப் பேச்சோடும் வரும் ஆண்களிடம்தான் "ஏ ஊரு?" என்ற கேள்வி வருகிறது. பதில் தெலுங்கில் வராவிட்டால் அடுத்து உள்ளங்கையைக் காட்டச் சொல்வதையும், காய்ப்பு இருக்கிறதா என்று கட்டைவிரலால் தடவிப் பார்ப்பதையும் நானே கண்டிருக்கிறேன். கூலி வேலை செய்கிறவனின் கையில் காய்ப்பு இல்லாமல் வேறு யார் கையில் இருக்கும்?

காரணம் செம்மரம். கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராத அந்த மரத்தை வெட்டுவதற்குத் தமிழ்நாட்டு மலைக்கிராமங்களில் இருந்து ஆட்களைத் திரட்டி வரும் தரகர்கள் உண்டு. கூலிக்கு ஆசைப்பட்டு வருகிறவர்களும் உண்டு. இதை மறைத்துப் பேசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. காட்டைக் காப்பது போலீசாரின் வேலை, வனத்துறையின் வேலை. ஆனால் சிலர் வெட்ட வருகிறார்கள் என்பதற்காக அதே மாவட்டத்துக்காரர்கள், அதே பேச்சுக்காரர்கள் அத்தனை பேரும் சந்தேகத்துக்குரியவர்கள் ஆகிவிட முடியாது. கட்டட வேலைக்கும் கிணறு வெட்டவும் கரும்பு வெட்டவும் போகிறவர்கள் பயணம் செய்வதும் இதே பேருந்துகளில்தான்.

2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் 20 தமிழர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மரம் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் கல்லும் கோடரியும் கொண்டு தாக்கியதால் தற்காப்புக்காகச் சுட்டோம் என்று செம்மரக் கடத்தல் தடுப்புப் படை சொன்னது. உயிர் தப்பியவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன் சொன்னது முற்றிலும் வேறு. தன்னோடு வந்தவர்களை எங்கள் நகரிப் பக்கத்தில் பேருந்தில் இருந்து போலீசார் இறக்கிக்கொண்டு போனதாகவும், ஒரு பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் தன்னை மட்டும் விட்டுவிட்டதாகவும் அவர்களில் ஒருவர் கூறினார். இந்த இரண்டில் எது உண்மை என்பதைத் தீர்மானிக்கக் காடு முழுக்கத் தேட வேண்டிய அவசியமே இருந்திருக்காது. அன்று எந்தப் பேருந்து எந்த இடத்தில் எத்தனை மணிக்கு நிறுத்தப்பட்டது, எத்தனை பேர் இறக்கப்பட்டார்கள் என்று எழுதும் பழக்கம் ஒன்று இருந்திருந்தால் அந்தப் பதிவின் ஒரு வரியே போதுமானதாக இருந்திருக்கும். அந்த வரி இருந்தாலும் பேசியிருக்கும், இல்லாமல் போயிருந்தாலும் ஏன் இல்லை என்று கேட்டிருக்க முடியும்.

இது அந்த ஒரு நாளோடு முடிந்துபோன சங்கதி அல்ல. கைதானவரைக் காவலில் வைக்கக் கோரி போலீசார் கோர்ட்டில் கொடுக்கும் ரிமாண்டு அறிக்கைகள் எங்கள் மேசைக்கு வருகின்றன, அவற்றைப் படித்துப் படித்து அவற்றின் தொடக்கம் எனக்கு மனப்பாடமாகிவிட்டது. இன்ன காட்டுப் பகுதியில் ரோந்து போனபோது, சந்தேகத்துக்கு இடமான வகையில் நடமாடிய நபர்கள் போலீசாரைக் கண்டதும் ஓட முயன்றார்கள் என்பதில்தான் பெரும்பாலும் கதை ஆரம்பிக்கிறது. ஜாமீனுக்காக வரும் குடும்பத்தார் ஆதார் அட்டையையும் ரேஷன் கார்டையும் பாலித்தீன் உறையில் சுற்றி எடுத்து வருவார்கள். "பஸ்ஸுலேர்ந்துதான் சார் எறக்கினாங்க, காட்டுப்பக்கமே போகல" என்று அவர்கள் சொல்வதற்கும் காகிதம் சொல்வதற்கும் நடுவே நிரப்ப முடியாத சில மணி நேரங்கள் இருக்கின்றன. ஒருமுறை, பிடிபட்டவரோடு வந்து விடுவிக்கப்பட்ட அவருடைய மச்சான் தன் பயணச்சீட்டைப் பத்திரமாக வைத்திருந்து கொண்டுவந்தார். ஏறிய இடம், போகும் இடம், நேரம் எல்லாம் அச்சாகியிருந்த சீட்டுதான். ஆனால் சூட்டில் அச்சாகும் அந்தத் தாளில் எழுத்து மங்கி, தேதியின் பாதி அழிந்துபோயிருந்தது. உடனே நகலெடுத்து வைக்கும்படி வழக்கறிஞர் ஐயா சொன்னார். பேருந்தில் வந்தார்கள் என்பதற்கு அதுதான் எங்களிடம் இருந்த ஒரே எழுத்து. அதுவும் போக்குவரத்துக் கழகம் கொடுத்தது, அவர்களை நிறுத்திய போலீஸ் கொடுத்தது அல்ல.

மற்ற நாடுகளிலும் இந்தப் பகுதி வெகுகாலம் எழுதப்படாமலேதான் இருந்தது. அமெரிக்காவில் 1992-இல், தாத்தாவின் இறுதிச் சடங்குக்குப் போய்விட்டுக் குடும்பத்தோடு காரில் திரும்பிக்கொண்டிருந்த ராபர்ட் வில்கின்ஸ் என்ற கறுப்பின வழக்கறிஞரை மேரிலாந்து மாநிலப் போலீசார் நிறுத்தினார்கள். சோதனைக்கு அவர் சம்மதிக்கவில்லை. குடும்பத்தையே மழையில் நிறுத்தி வைத்து மோப்ப நாயை விட்டுப் பார்த்தார்கள், எதுவும் கிடைக்கவில்லை. பின்னாளில் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிபதியான அவர் தொடுத்த வழக்கில் 1995-இல் ஏற்பட்ட சமரசத்தின்படி, வண்டிகளை நிறுத்திச் சோதனையிடும்போதெல்லாம் ஓட்டுநரின் இனம் உள்ளிட்ட விவரங்களைப் போலீசார் குறித்து வைக்க வேண்டியதாயிற்று. அந்தக் குறிப்புகளைக் கூட்டிப் பார்த்தபோது, ஒரு நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டுகிறவர்களில் ஏறத்தாழ 17 விழுக்காட்டினரே கறுப்பினத்தவர் என்றிருக்க, நிறுத்திச் சோதிக்கப்பட்டவர்களில் 70 விழுக்காட்டுக்கும் மேல் அவர்களாகவே இருந்தது தெரியவந்தது.

நியூயார்க்கில் நடந்தது இன்னும் பெரிது. வழியில் போகிறவரை நிறுத்தினால் போலீசாரே ஒரு படிவத்தை நிரப்ப வேண்டும் என்பது அங்கே விதி. 2004 ஜனவரி முதல் 2012 ஜூன் வரை அப்படி 44 லட்சம் நிறுத்தங்கள் பதிவாகியிருந்தன. நிறுத்தப்பட்டவர்களில் 52 விழுக்காட்டினர் கறுப்பினத்தவர், 31 விழுக்காட்டினர் ஹிஸ்பானியர், வெள்ளையர் 10 விழுக்காட்டினர் மட்டுமே. உடலைத் தடவிச் சோதித்ததில் ஆயுதம் கிடைத்தது 1.5 விழுக்காடு, 88 விழுக்காட்டு நிறுத்தங்களில் மேல் நடவடிக்கை எதுவுமே இல்லை. 2013-இல் நீதிபதி ஷைரா ஷெயிண்ட்லின் இந்த நடைமுறை அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தபோது அவர் முன் இருந்த பெரிய ஆதாரம் போலீசார் தங்கள் கைப்பட எழுதிய கணக்கே.

கணக்கு எடுத்தால் மட்டும் போதாது, எதோடு ஒப்பிடுவது என்பதும் கேள்விதான். திருவண்ணாமலை மாவட்டத்துக்காரர்கள் இந்தச் சாலையில் அதிகம் போகிறார்கள், அதனால் அதிகம் நிறுத்தப்படுகிறார்கள் என்று போலீசார் சொன்னால் அதற்கு என்ன பதில்? இதற்கும் அறிஞர்கள் வழி கண்டிருக்கிறார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏறத்தாழ பத்துக் கோடி வாகன நிறுத்தங்களை ஆராய்ந்து 2020-இல் வெளியிட்ட ஆய்வு, ஒரே கடிகார நேரத்தில் வெளிச்சம் இருக்கும் காலத்தையும் இருட்டிவிட்ட காலத்தையும் ஒப்பிட்டது. மாலை ஏழு மணி கோடையில் பகல், குளிர்காலத்தில் இரவு. ஓட்டுநரின் முகம் தெரியாத இருட்டில் கறுப்பினத்தவர் நிறுத்தப்படும் பங்கு குறைந்தது என்றால், வெளிச்சத்தில் முகத்தைப் பார்த்துத்தான் நிறுத்தினார்கள் என்று கொள்ள இடம் உண்டு. விளக்கு எரியும் பேருந்துக்குள் இந்த முறை அப்படியே பொருந்தாது. ஆனால் இறக்கப்பட்டவர்களில் எத்தனை பேரிடம் ஏதாவது கிடைத்தது, எந்த மாவட்டத்துக்காரர்கள் வெறுங்கையோடு அதிகமாக விடப்பட்டார்கள் என்று பார்ப்பது இங்கேயும் முடியும். அதற்கு முதலில் விடப்பட்டவர்களின் கணக்கு வேண்டும். நம் நாட்டில் சிறையில் இருப்பவர்களின் சமூகப் பிரிவு, மதம், வேற்று மாநிலத்தவரா என்பதெல்லாம் ஆண்டுதோறும் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் புள்ளிவிவரமாக வெளிவருகின்றன. சாலையில் தொடங்கும் ஒரு வழியின் கடைசிக் கோடியை மட்டும் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

சாதியையும் ஊரையும் போலீசார் எழுத வேண்டும் என்றதும் அஞ்சுகிறவர்கள் இருப்பார்கள். அந்த அச்சத்தை நான் முழுமனதோடு மதிக்கிறேன். 1871-ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டமும் ஒரு பதிவேடுதான். அது 1911-க்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கும் வந்து, குறவர் முதலான சமூகத்தாரைப் பேர் எழுதி, கைரேகை வாங்கி, வேளைக்கு வேளை ஆஜராகச் செய்து, 1947-இல் இங்கே நீக்கப்படும் வரை ஆட்டிப் படைத்தது. சட்டம் போன பிறகும் பழைய ஏடுகளின் நிழல் போகவில்லை. 2024 அக்டோபர் 3 அன்று, சிறைப் பதிவேடுகளில் கைதிகளின் சாதிக் கட்டத்தையே நீக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதும் இந்தக் காரணங்களை எல்லாம் எடைபோட்டுத்தான்.

ஆனால் அந்த ஏடுகள் மனிதரைப் பதிவு செய்தவை. நான் கேட்பது போலீசாரின் செயலைப் பதிவு செய்யும் ஏடு. இந்த வேறுபாட்டைக் கலிபோர்னியாவின் 2015-ஆம் ஆண்டுச் சட்டம் தெளிவாகக் கடைப்பிடிக்கிறது. அங்கே ஒருவரை நிறுத்தும் அதிகாரி, அவருடைய இனம், பாலினம், உத்தேச வயது ஆகியவை தன் கண்ணுக்கு எப்படித் தெரிந்தனவோ அப்படியே எழுத வேண்டும். அவரிடம் கேட்டு எழுதக் கூடாது. பாரபட்சம் பார்க்கிறவரின் கண்ணில்தான் இருக்கிறது என்பதால் இதுவே சரியான முறை. நிறுத்தப்பட்டவரின் பெயரும் முகவரியும் அந்தத் தொகுப்பில் சேர்க்கப்படக் கூடாது. அவர் ஆங்கிலம் சரளமாகப் பேச முடியாதவரா என்பதற்கும் அதில் ஒரு கட்டம் இருப்பதை அறிந்தபோது, எங்கள் சாலைக்கென்றே யோசித்துச் செய்ததைப் போல் இருந்தது எனக்கு.

போலீசாருக்கு ஏற்கெனவே எழுத்து வேலை மலைபோல் இருக்கிறது என்பதும் பொய்யல்ல. இரவு முழுவதும் சோதனைச் சாவடியில் நிற்கும் கான்ஸ்டபிளிடம் நான்கு பக்கப் படிவத்தை நீட்டினால் அவர் கோபப்படுவார், அதில் நியாயமும் இருக்கும். இங்கிலாந்தில் 1984-ஆம் ஆண்டுச் சட்டப்படி சோதனையிடப்பட்டவர் அந்தப் பதிவின் நகலைக் கேட்டுப் பெறலாம். ஆனால் சோதனை இல்லாமல் வெறுமனே நிறுத்தி விசாரிப்பதையும் பதிவு செய்ய வேண்டும் என்ற நாடு தழுவிய கட்டாயம், எழுத்துச் சுமையைக் காரணம் காட்டி 2011-இல் கைவிடப்பட்டது. ஆகவே எங்களுக்குத் தேவையான சீட்டு சிறியதாக இருக்க வேண்டும். பேருந்தின் எண், நிறுத்திய இடம், நேரம், இறக்கப்பட்டவர்களின் எண்ணிக்கை, அவர்கள் பேசிய மொழி, சொன்ன மாவட்டம், இறக்கிய காரணம், கிடைத்த பொருள், விடப்பட்ட நேரம். பெயர் வேண்டாம், சாதி வேண்டாம். தொகுத்த கணக்கைக் காவல் நிலையத்தில் வைக்காமல், 2006-ஆம் ஆண்டு பிரகாஷ் சிங் தீர்ப்பு அமைக்கச் சொன்ன காவல்துறை புகார் ஆணையத்திடம் கொடுத்து, ஆண்டுக்கு ஒருமுறை வெளியிட வேண்டும். இறக்கப்பட்டவருக்கு அந்தச் சீட்டின் ஒரு நகல் அங்கேயே தரப்பட வேண்டும்.

அதுவரைக்கும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. எல்லை தாண்டும் பெரும்பாலான பேருந்துகளில் நடத்துநர் இருக்கிறார். எங்கே எத்தனை பேர் ஏறினார்கள், இறங்கினார்கள் என்ற கணக்கை அவர் எப்படியும் வைத்துக்கொள்கிறார். பாதி வழியில் போலீசார் பயணிகளை இறக்கினால் இடத்தையும் நேரத்தையும் எண்ணிக்கையையும் அதே கணக்கில் ஒரு வரியாக எழுத வேண்டும் என்று இரு மாநிலப் போக்குவரத்துக் கழகங்களும் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும். இதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை, போலீசாரின் சம்மதமும் வேண்டியதில்லை. இந்தக் கோரிக்கையைத் தமிழிலும் தெலுங்கிலும் மனுவாக எழுதிக்கொண்டிருக்கிறேன். திருத்தணி, புத்தூர் பணிமனைகளில் வேலை செய்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், அந்த ஒரு வரியை எழுதுவதில் உங்களுக்கு என்ன இடைஞ்சல் வரும் என்பதைத் தயவுசெய்து எனக்கு எழுதுங்கள், அதையும் மனுவில் சேர்க்க வேண்டும்.