பதிவேட்டில் இல்லாத ஆண்டுகள்

ஜூலை 3
இரவு முழுவதும் அம்மாவுக்கு இருமல். மழையும் விடவில்லை.

ஜூலை 5
வேலையை விட்ட அம்மாவுக்கு வரவேண்டிய பணிக்கொடைப் பணத்துக்கான கோப்பு இன்னும் மேலே போகவில்லையாம். ஆஜர் பதிவேட்டில் அம்மாவின் பெயர் கடைசி நான்கு ஆண்டுகள்தான் இருக்கிறதாம். அம்மா வேலை செய்த காலத்து 1972ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டம் ஐந்து ஆண்டு வேலை கேட்டது. சரியாக நான்கில் நிறுத்தியிருக்கிறார்கள். நான் பள்ளிக்கூடம் சேரும் முன்பே அம்மா அண்டி ஆபீசுக்கு, முந்திரிக்கொட்டை உடைக்கும் ஆலைக்கு, போய்க்கொண்டிருந்தாள்.

ஜூலை 9
தூக்கம் வராமல் வாசித்துக்கொண்டிருந்தேன். 1833இல் அடிமைமுறையை ஒழிக்கச் சட்டம் இயற்றிய பிரிட்டன், 2 கோடி பவுண்ட் இழப்பீடு ஒதுக்கியது. அடிமைகளுக்கு அல்ல, அவர்களை வைத்திருந்தவர்களுக்கு. அதற்காக வாங்கிய கடன் முழுவதும் அடைந்தது 2015இல்தான். கரும்புத் தோட்டங்களில் இருந்தவர்களை ஒருவர் விடாமல் எண்ணினார்கள்: வயல்வேலைக்காரன், தச்சன், வீட்டு வேலைக்காரி, கைக்குழந்தை. ஒவ்வொரு தலைக்கும் ஒரு விலை. விடுதலையானவர்களோ 'பயிற்சி' என்ற பெயரில் 1838 வரை அதே எஜமானிடம் பெரும்பாலும் கூலியில்லாமல் உழைத்தார்கள். பணம் முதலாளி வீட்டுக்குப் போகிறது என்றால் பதிவேட்டில் ஒரு பெயரும் விட்டுப்போவதில்லை.

ஜூலை 10
நான்கு ஆண்டு. எந்த மனசாட்சியோடு எழுதினார்கள்?

ஜூலை 14
ஹைட்டியை நினைத்தால் நெஞ்சு கொதிக்கிறது. அடிமைகளே பிரான்சோடு போரிட்டு 1804இல் வாங்கிய சுதந்திரம். 1825இல் பிரான்ஸ் போர்க்கப்பல்களை நிறுத்தி, பழைய முதலாளிகளின் இழப்புக்கென்று 15 கோடி பிராங்க் கேட்டது. பிறகு 9 கோடியாகக் குறைத்தார்கள். அதற்கே கடன் மேல் கடன். ரஷ்யாவில் 1861இல் பண்ணையடிமைகளை விடுவித்தார்கள். கைக்கு வந்த நிலத்துக்கு 49 ஆண்டுத் தவணை கட்டச் சொன்னார்கள். நம் திருவிதாங்கூரில் 1855இல் அடிமைமுறை ஒழிந்தது. காணி நிலம் கொடுத்தார்களா? 1865இல் பாட்டப் பிரகடனம் (பாட்டம் என்றால் குத்தகை) வந்து, சர்க்கார் நிலத்தைக் குத்தகைக்கு வைத்திருந்தவர்கள் உரிமையாளர்கள் ஆனார்கள். அந்த வயலில் சேற்றை மிதித்தவர்களில் எத்தனை பேர் கையில் குத்தகைச் சீட்டு இருந்திருக்கும்?

ஜூலை 17
அம்மா இன்று எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாள். அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அண்டித்தோட்டின் எண்ணெய் பட்டால் தோல் வெந்துவிடும். சாம்பலில் கையைப் புரட்டிக்கொண்டுதான் உடைப்பார்கள். இடது பெருவிரல் நுனியில் ரேகையே இல்லை. ரேஷன் கடை இயந்திரம் அந்த விரலை ஏற்பதில்லை.

"பருப்பு முழுசாக வரவேண்டும் மக்களே. நொறுங்கினால் கூலியில் பிடித்துவிடுவார்கள்" என்றாள், இன்னும் அந்தப் பலகையின் முன் உட்கார்ந்திருப்பவளைப் போல.

ஜூலை 18
மீண்டும் காய்ச்சல்.

ஜூலை 26
1859இல் இதே தேதியில்தான் நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்று திருவிதாங்கூர் அரசு அறிவித்தது. அதிலும், மேல்சாதிப் பெண்களைப் போல அணியக்கூடாது என்று ஒரு வரி. கொடுக்கும்போதும் ஒரு முழம் பிடித்துக்கொள்ளாமல் அவர்களுக்குக் கை வராதா? பாட்டி இதைச் சொல்லும்போது குரலை உயர்த்தியதே இல்லை. எனக்குத்தான் அடங்கவில்லை.

ஜூலை 29
பணிக்கொடை விசாரணையில் எதிர்த்தரப்பான அண்டி ஆபீஸ் மறுபடியும் வாய்தா வாங்கிவிட்டது. அம்மாவிடம் சொல்லவில்லை.

மாலையில் திங்கள்நகர் அக்காள் போன் செய்தார்கள். அம்மாவுக்குப் பக்கத்துப் பலகையில் உட்கார்ந்து உடைத்தவர்கள். பழைய கூலிச் சீட்டுகளைத் தகரப்பெட்டியில் வைத்திருக்கிறார்களாம். 1998ஆம் ஆண்டுச் சீட்டு ஒன்றில் இரண்டு பேர் பெயரும் சேர்ந்தே இருக்கிறதாம். காலையில் முதல் பஸ்ஸுக்குப் போகிறேன்.