பரப்பு போதும், கனஅளவு போதாது

ஒரு சமபக்க முக்கோணத்தை நான்கே துண்டுகளாக வெட்டி, அவற்றை இடம் மாற்றிச் சேர்த்தால் ஒரு சதுரம் கிடைக்கும். இங்கிலாந்தின் புதிர் ஆசிரியர் ஹென்றி டியூடெனி 1902இல் வெளியிட்ட இப்புதிரை அட்டையில் செய்து பார்ப்பவர்கள் ஓரிடத்தில் கவனமாக இருக்க வேண்டும். முக்கோணத்தின் பக்கம் 4 அலகு எனில், அடிப்பக்கம் ஏறத்தாழ 0.982, 2, 1.018 அலகுகளாகப் பிரிய வேண்டும்; வசதிக்காக 1, 2, 1 என்று வைத்துக்கொண்டால், சதுரம்போல் தோன்றும் ஒரு செவ்வகமே மிஞ்சும். துண்டுகளைப் புரட்டாமல் இதை மூன்றே துண்டுகளில் செய்ய முடியாது என்பதற்கான நிறுவல் 2024இல்தான் வெளிவந்தது.

துண்டுகளின் எண்ணிக்கையைப் பற்றிக் கவலைப்படாவிட்டால், சம பரப்பளவுள்ள எந்த இரண்டு பலகோணங்களையும் இவ்வாறு ஒன்றிலிருந்து மற்றொன்றாக மாற்றிவிடலாம். வாலஸ், போயாய், கெர்வின் ஆகிய மூவரின் பெயரால் வழங்கும் இத்தேற்றத்துக்குக் கத்தரிக்கோலே போதும். பலகோணத்தை முக்கோணங்களாகவும், ஒவ்வொரு முக்கோணத்தையும் செவ்வகமாகவும் மாற்றுவது எளிது. செவ்வகத்தைச் சாய்வாக வெட்டி ஒரு துண்டை எதிர்ப்புறம் நகர்த்தினால் இணைகரம் வரும். அதன் சாய்ந்த பக்கம் நாம் விரும்பும் நீளத்தில் அமையுமாறு வெட்டி, அப்பக்கத்துக்குச் செங்குத்தாக மீண்டும் வெட்டினால், விரும்பிய அகலமுள்ள செவ்வகம் கிடைத்துவிடும். (செவ்வகம் மிக நீண்டதாக இருந்தால், முதலில் அதைப் பாதியாக வெட்டி அடுக்கிக்கொள்ள வேண்டும்.) ஒரே அகலமுள்ள செவ்வகங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதுதான் மீதி வேலை.

முப்பரிமாணத்தில் இது பலிக்காது என்பதையே நான் இத்துறையின் மிக அழகான முடிவாகக் கருதுகிறேன். சம கனஅளவுள்ள நான்முகிகளை (நான்கு முக்கோண முகங்கள் கொண்ட திண்மங்களை) இப்படி எப்போதும் மாற்ற முடியுமா என்று ஜெர்மன் கணிதவியலாளர் ஹில்பர்ட் 1900இல் எழுப்பிய கேள்விக்கு, முடியாது என்று அவருடைய மாணவர் மாக்ஸ் டேன் விரைவிலேயே விடை கண்டார். அவர் விளிம்புகளின் நீளங்களை மட்டும் பார்க்காமல், ஒவ்வொரு விளிம்பிலும் முகங்கள் சந்திக்கும் கோணத்தையும் சேர்த்துக் கணக்கிட்டார். வெட்டும்போது புதிதாகத் தோன்றும் விளிம்புகளைச் சுற்றியுள்ள கோணங்கள் 180 அல்லது 360 பாகையாகவே கூடுவதால், 180 பாகையின் விகிதமுறு (முழு எண்களின் பின்னமாக எழுதக்கூடிய) மடங்குகளைப் பூச்சியமாகக் கொள்ளும் அக்கணக்கு எத்தனை முறை வெட்டினாலும் மாறாது. கனசதுரத்தின் கோணம் 90 பாகை என்பதால் அதன் கணக்கு பூச்சியம். ஒழுங்கு நான்முகியின் கோணமோ ஏறத்தாழ 70.53 பாகை, அது 180இன் விகிதமுறு மடங்கு அன்று. ஆகவே நான்முகியை எவ்வளவு நுணுக்கமாக வெட்டினாலும் கனசதுரமாக அடுக்க முடியாது. கனஅளவோடு இக்கணக்கும் ஒத்துப்போனால் மாற்றம் நிச்சயம் சாத்தியம் என்பதை 1965இல் சிட்லர் நிறுவினார்.