ஆறரை மணி ஷிஃப்ட்: மேற்கு சிட்னி முதியோர் இல்லத்து நாட்குறிப்பு

3 நவம்பர் 2025, திங்கள்

புதிய வயோதிபர் பராமரிப்புச் சட்டம் சனிக்கிழமை நடைமுறைக்கு வந்துவிட்டது. ஜூலையில் வரவேண்டியது நாலு மாதம் இழுபட்டு வந்திருக்கிறது. 2021இல் முதியோர் பராமரிப்பை விசாரித்த அரச ஆணைக்குழு 148 பரிந்துரைகளோடு இறுதி அறிக்கை கொடுத்த நாளிலிருந்து இந்தத் துறையில் இருக்கிற எல்லாரும் இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். வரவேற்பறைச் சுவரில் உரிமைகள் பட்டியல் தொங்குகிறது. பண்பாட்டுக்கேற்ற பராமரிப்பு, விரும்பிய மொழியில் கதைக்கும் உரிமை, எல்லாம் உண்டு. தொங்குவது ஆங்கிலத்தில் மட்டும்.

12ஆம் அறைக்கு ஒரு ஆச்சி வந்திருக்கிறா. பிறந்தது யாழ்ப்பாணம், வாழ்க்கைப்பட்டது வன்னியில். 84 வயது, மறதி நோய். படிவத்தில் மொழி தமிழ், சமயம் இந்து, சாப்பாடு சைவம். ஒன்றிலும் பிழையில்லை. ஆனால் ஷிஃப்ட் கைமாறும்போது சொன்ன ஒரே தகவல்: "குளிக்க விடமாட்டா. அடிப்பா."

6 நவம்பர், வியாழன்

இன்று ஆச்சியை எனக்குத் தந்தார்கள். தமிழ் தெரிந்தவள் என்பதற்காக இல்லை, வேறு ஆள் வரவில்லை.

குளியலறையில் நடப்பதை முதலில் சொல்லவேண்டும். சக்கரம் வைத்த கதிரையில் இருத்தி, உடுப்பு முழுவதையும் கழற்றி, கையில் பிடிக்கிற ஷவரைத் திறப்போம். அது ஒரு சீறலோடு முகத்துக்கு நேரே வரும். முந்தைய நாட்களில் குளிக்கவார்க்கப் போனதில் ஒருவர் இளம் பெடியன். நல்ல பிள்ளைதான், பொறுமையானவன். ஆனால் வாழ்நாள் முழுக்கக் குறுக்குக்கட்டோடு கிணற்றடியில் குளித்த மனுசிக்கு இது குளிப்பாட்டலாகவா தெரியும்?

துணி அலுமாரியில் மெல்லிய பருத்தித் துணி ஒன்று கிடந்தது. நெஞ்சுக்கு மேலே சுற்றிக் கொடுத்தேன். முடிச்சை ஆச்சியே போட்டா, கை மறக்கவில்லை. ஷவரைத் திறக்காமல் வாளியில் இளஞ்சூட்டுத் தண்ணி பிடித்து, பிளாஸ்டிக் கோப்பையை அவ கையிலேயே கொடுத்தேன். முதல் கோப்பை காலில், பிறகு தோளில். "தலைக்கு வாக்காத பிள்ளை, இண்டைக்கு வியாழன்" என்றா. தலைமுழுக்கு வெள்ளிக்கிழமை என்பதும் கிழமை பிசகாமல் நினைவிருக்கிறது. அடி உதை ஒன்றும் இல்லை.

பதிவேட்டில் இந்த முறையை விவரமாக எழுதினேன். நாளை யார் வாசிப்பார்களோ.

14 நவம்பர், வெள்ளி

முதியோர் நல மருத்துவர் வந்து ஞாபகசக்தியைச் சோதித்தார். பழைய சோதனையில் 'வேர்ல்ட்' என்ற ஆங்கிலச் சொல்லைப் பின்னிருந்து எழுத்துக்கூட்டச் சொல்வார்கள். ஆச்சி அதில் நோயில்லாத காலத்திலேயே தோற்றிருப்பா. இவர் கொண்டுவந்தது 'ரூடாஸ்'. சிட்னி லிவர்பூல் மருத்துவமனைக் குழுவினர் உருவாக்கி 2004இல் வெளியிட்டது, மொழிபெயர்ப்பாளரை வைத்துக் கேட்பதற்கென்றே அமைந்தது. மொத்தம் 30 புள்ளி, 22 அல்லது அதற்குக் கீழே போனால் மேலும் பார்க்கவேண்டும்.

மகன் தானே மொழிபெயர்க்கிறேன் என்றார். மருத்துவர் மரியாதையாக மறுத்துவிட்டு அரசின் தொலைபேசி மொழிபெயர்ப்புச் சேவையை, 131 450க்கு, அழைத்தார். சரியான முடிவு. பெற்ற பிள்ளை தாயைத் தோற்க விடுமா? ஒவ்வொரு கேள்விக்கும் அந்த அண்ணாவின் வாய் தானாக அசைந்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைக்குப் போய் நாலு சாமான் வாங்கவேண்டும், நினைவில் வைத்திருங்கோ: தேயிலை, சமையல் எண்ணெய், முட்டை, சவுக்காரம். ஆச்சி உடனே, "முட்டை நான் வீட்டுக்குள்ள எடுக்கிறேல்லை." ஃபோனில் இருந்த மொழிபெயர்ப்பாளர் ஒரு கணம் தயங்கி, அப்படியே ஆங்கிலத்தில் சொன்னார். மருத்துவர் சிரித்துவிட்டார். ஐந்து நிமிடம் கழித்து என்னென்ன வாங்கவேண்டும் என்று திரும்பக் கேட்டபோது தேயிலை வந்தது, சவுக்காரம் வந்தது, எண்ணெய் வரவில்லை. "மற்றது நான் வாங்கமாட்டன் எண்டு சொன்னனான்." அதற்கு எத்தனை புள்ளி போட்டாரோ தெரியாது, நான் என்றால் முழுப்புள்ளி போட்டிருப்பேன்.

ஒரு நிமிடத்தில் எத்தனை மிருகம் சொல்லலாம் என்பதில்தான் சறுக்கல். மாடு என்று தொடங்கி, தன் பசுவின் கதைக்குப் போய், நிமிடம் முடியும்வரை திரும்பவில்லை.

15 நவம்பர், சனி

ஆச்சி கட்டிலுக்குப் பக்கத்தில் நிலத்தில் கிடந்தா. வந்ததிலிருந்து இது முதல் தடவை இல்லை. ஒவ்வொரு முறையும் 'விழுந்தார், யாரும் காணவில்லை' என்று பதிவு. கட்டிலைப் பதித்து, கால் பட்டால் அலறுகிற பாயும் போட்டாயிற்று.

இன்று நான் அறை வாசலில் நின்றேன். வெஸ்ட்மீட் மருத்துவமனைக்குப் போகிற ஹெலிகொப்டர் கூரைக்கு மேலால் போனது. ஆச்சி கட்டில் விளிம்பைப் பிடித்துப் பக்குவமாக இறங்கி, குப்புறப் படுத்து, இரண்டு கையாலும் காதைப் பொத்தினா. விழவில்லை. பதுங்கினா.

மகனுக்கு எடுத்தேன். 2009 இறுதிப் போரில் மாத்தளனில் பதுங்குகுழிக்குள் இருந்தவ என்றார். "இதை யாரும் கேக்கேல்லை தங்கச்சி, நாங்களும் சொல்லேல்லை." படிவத்தில் அதற்குக் கட்டமும் இல்லை. பொறுப்புத் தாதி உடனே பராமரிப்புத் திட்டத்தில் ஏற்றினார்: சத்தம் கேட்டால் ஒருவர் போய்ப் பக்கத்தில் இருக்கவேண்டும், தூக்கி நிறுத்தக் கூடாது. அறையையும் மற்றப் பக்கத்துக்கு மாற்றப்போகிறார்கள்.

22 நவம்பர், சனி

ஆச்சியைப் பற்றியே எழுதினால் 7ஆம் அறை நொன்னா (இத்தாலியனில் பாட்டி) கோபிப்பா. ஐம்பதுகளில் இத்தாலியிலிருந்து வந்து, தொழிற்சாலையில் ஆங்கிலம் கற்று, நாற்பது வருசம் அதில் காரியம் பார்த்தவ. நோய் முற்ற ஆங்கிலம் போய்விட்டது, இத்தாலியன் மட்டும் மிச்சம். மறதி நோயில் கடைசியாகக் கற்ற மொழி முதலில் கழன்றுபோவதை இங்கே அடிக்கடி காண்கிறோம்.

பின்னேரமானால் கத்துகிறா. 'நடத்தைப் பிரச்சினை' என்று எழுதி, தூக்க மருந்து பற்றிப் பேச்சு அடிபட்டது. இன்றைய தாதி, வாயால் சொல்லமுடியாதவரின் வலியை அளக்கிற ஏபி வலி அளவுகோலை எடுத்தார்: முனகல், முகச்சுழிப்பு, உடலசைவு, நடத்தை மாற்றம், நாடித்துடிப்பு போன்றவை, உடலில் புண் காயம் என ஆறு விசயம் பார்க்கவேண்டும். சமையலறையில் வேலை செய்கிற, இத்தாலியத் தாய் தகப்பனுக்குப் பிறந்த பெண்ணையும் கூப்பிட்டோம். அவள் குனிந்து இரண்டு வசனம் கேட்டதும் நொன்னா இடுப்பைக் காட்டினா. பரசிற்றமோல் கொடுத்து முக்கால் மணித்தியாலத்தில் கத்தல் நின்றது.

அந்தப் பெண்ணின் வேலை கோப்பை கழுவுவது. இதற்கு அவளுக்குச் சம்பளமில்லை.

1 டிசம்பர், திங்கள்

விழுங்குவதில் சிக்கல் என்று ஆச்சிக்குத் துண்டே இல்லாமல் அரைத்த நாலாம் நிலை மசியல் சாப்பாடு. செம்மஞ்சள் குவியல் ஒன்று, பச்சைக் குவியல் ஒன்று. வாயை இறுக்கி மூடிக்கொள்கிறா. 'பசியின்மை' என்று எழுதப்படுகிறது.

மருமகள் கீரைக் கடையலும் பருப்பும் கொண்டுவந்தா. வெளிச் சாப்பாடு என்று சமையலறை முதலில் முகம் சுளித்தது. பேச்சு-விழுங்கல் சிகிச்சையாளர் வந்திருந்தது நல்லதாகப் போயிற்று. கடையலைக் கரண்டியில் அள்ளிச் சரித்துப் பார்த்தார். ஒட்டிக்கொள்ளாமல், தண்ணியாக ஓடாமல், ஒரே கட்டியாக வழுக்கி விழவேண்டும். கீரை தேறியது. பருப்பில் மிளகாய்த் தோல் அகப்பட்டது, வடித்தபின் தேறியது. ஆச்சி முழுவதையும் சாப்பிட்டா. பிட்டு கேட்டா, அது மட்டும் முடியாது.

10 டிசம்பர், புதன்

பணியாளர் கூட்டம். விதிப்படி குடியிருப்பாளர் ஒருவருக்கு நாளுக்குச் சராசரி 215 நிமிடப் பராமரிப்பு, அதில் 44 நிமிடம் பதிவுபெற்ற தாதி. நாங்கள் அந்தக் கணக்கில் தேறுகிறோமாம். அந்த நிமிடங்கள் எந்த மொழியில் போகின்றன என்று கேட்டேன். மொழிபெயர்ப்புச் சேவை இருக்கிறதே என்றார் ரோஸ்டர், அதுதான் வேலை அட்டவணை, போடுகிறவர். இருக்கிறது, இலவசம், அருமையான சேவை. மருத்துவர் வரும்போது அழைக்கலாம். விடியப்புறம் மூன்று மணிக்கு மலசலகூடத்துக்குப் போக முட்டுகிறவர் யாரை அழைப்பது?

இந்தக் கூடத்திலேயே நேபாளி, பஞ்சாபி, தகாலோக், அரபு, தமிழ் பேசுகிற பணியாளர் இருக்கிறோம். யார் எந்த மொழி என்று ரோஸ்டரில் பதிவில்லை. 2021 குடிசனக் கணக்கில் அவுஸ்திரேலியாவில் வீட்டில் தமிழ் பேசுவோரே 95,000க்கு மேல், அவர்களுக்கும் வயது போகிறது. ஆச்சிக்கு ஒரு தமிழ் ஆளைக் காலை ஷிஃப்டில் நிரந்தரமாகப் போடுங்கள், சம்பளச் செலவு ஒரு சதமும் அதிகரிக்காது என்றேன்.

மென்பொருளில் அதற்கு இடமில்லையாம். அப்படியென்றால் கடதாசியில் போடுங்கள் என்று பொறுப்புத் தாதி சொன்னார். ஜனவரி ரோஸ்டர் 22ஆம் திகதி வரும். ஆச்சியின் மகன் குடியிருப்பாளர் ஆலோசனைக் குழுவில் சேர விண்ணப்பித்திருக்கிறார், நொன்னாவின் மகளையும் இழுத்துக்கொண்டு வருவதாகச் சொன்னார்.