ஒரு பேப்பர் கண்டன்சர் பண்ண வேலை

காரைக்குடி பக்கத்துல எங்க அம்மா ஊர். மாமா அங்க மைக் செட் வச்சிருந்தார். காதுகுத்து, சடங்கு, கோயில் திருவிழா எதுன்னாலும் மொத நாள் சாயங்காலமே தென்னை மரத்துல ரெண்டு குழாய் ஸ்பீக்கரக் கட்டி பாட்டுப் போட்டுருவார். அப்போ அவர்கிட்ட இருந்தது ஒரு வால்வு ஆம்ப்ளிஃபயர் (வால்வுன்னா பல்ப் மாதிரி கண்ணாடிக் குழாய், ட்ரான்சிஸ்டருக்கு முன்னாடி சத்தத்தப் பெருக்குனது அதுதான்), அப்புறம் ட்ரான்சிஸ்டர் செட்டு வந்ததும் அது பரண்ல ஏறிடுச்சு, கிட்டத்தட்ட 40 வருஷம் எறங்கவே இல்ல. போன பொங்கலுக்கு வீடு ஒழுங்குபடுத்தும்போது நான்தான் எறக்கினேன், மாமாகிட்ட கேட்டு சென்னைக்குத் தூக்கிட்டு வந்துட்டேன். சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரியும், மல்டிமீட்டர் இருக்கு, அவ்ளோதான் எனக்குத் தெரிஞ்சது.

மாமா சொன்னது ஒண்ணே ஒண்ணுதான்: "எடுத்ததும் கரண்ட் குடுத்துறாத மாப்ள."

இத எல்லாரும் கேக்கணும்னு நினைக்கிறேன், ஏன்னா பழைய செட்டு கெடச்சா மொத ஆசையே ப்ளக்கச் சொருகிப் பாக்கணும்ங்கறதுதான். கண்டன்சர்ங்கறது சார்ஜ சேத்து வைக்கற பாகம். அதுல எலக்ட்ரோலிட்டிக்ங்கற வகைக்குள்ள அலுமினியத் தகடு மேல மெல்லிசா ஒரு ஆக்சைட் படலம் இருக்கும், ரொம்ப வருஷம் கரண்ட் இல்லாம கெடந்தா அது கெட்டுப்போகும், திடீர்னு 300 வோல்ட் போனா கண்டன்சர் ஷார்ட் ஆகும், அது கூடவே பவர் ட்ரான்ஸ்ஃபார்மரையும் கொண்டு போயிரும். ட்ரான்ஸ்ஃபார்மர் போச்சுன்னா மத்ததெல்லாம் நல்லா இருந்தும் பிரயோஜனம் இல்ல, திரும்ப வைண்டிங் பண்ண நல்ல ஆள் கெடைக்கறது கஷ்டம். அதனால நான் மொதல்ல அளந்ததே ட்ரான்ஸ்ஃபார்மரத்தான். ஸ்பீக்கருக்கு சத்தத்த அனுப்பற அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர்ல நடுவுல இருந்து ஒரு பக்கம் 150 ஓம்ஸ், இன்னொரு பக்கம் 165 வந்துச்சு. ஒரே மாதிரி இல்லையேன்னு ஒரு நாள் பூரா மனசு சரியில்ல. அப்புறம்தான் புரிஞ்சுது, வெளிச்சுத்துல இருக்கற கம்பி நீளம் அதிகம், அதனால ரெசிஸ்டன்ஸும் கொஞ்சம் கூடத்தான் வரும். ரெண்டு ட்ரான்ஸ்ஃபார்மரும் உயிரோட இருந்துச்சு.

உள்ள என்ன இருந்துச்சுன்னா, அவுட்புட்டுக்கு ரெண்டு ஈஎல்84, முன்னாடி ரெண்டு ஈசிசி83, ஏசிய டிசியா மாத்தற ரெக்டிஃபயருக்கு ஒரு ஈஇசட்81, எல்லாம் வால்வு நம்பருங்க. ஈஎல்84 ரெண்டுலயும் பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் பேரு பாதி அழிஞ்ச நெலமைல இருந்துச்சு. 1954ல ஆரம்பிச்ச அந்தக் கம்பெனி ஒரு காலத்துல இந்த மாதிரி வால்வெல்லாம் நம்ம நாட்டுலயே செஞ்சுது, அதப் பாத்ததுல எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஜோசியக்காரர் ஏடு மாதிரி அத மெதுவா பஞ்சால தொடச்சேன், எழுத்து மேல மட்டும் கை வைக்கல, தொட்டா போயிரும்.

அந்த டிசிய சீராக்கற ஃபில்டர் கண்டன்சர் 32ம் 32ம் மைக்ரோஃபாரட், ஒரே டப்பாக்குள்ள. ரிச்சி ஸ்ட்ரீட் போயி 33 மைக்ரோஃபாரட் 450 வோல்ட் ரெண்டு வாங்கினேன். கூட வந்த நண்பன் 220 போட்டா ஹம் (பின்னாடி கேக்கற உர்ருங்கற சத்தம்) சுத்தமா போயிரும்னான், கேக்க நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா ஈஇசட்81க்கு மொத கண்டன்சர் 50 மைக்ரோஃபாரட்டுக்கு மேல போகக்கூடாது, பெருசா போட்டா ஒவ்வொரு தடவையும் அது நெரம்பறதுக்கு இழுக்கற கரண்ட்ட அந்த வால்வு தாங்காது. வால்வு செட்டுல பெருசு போட்டா நல்லதுங்கற கணக்கு எல்லா எடத்துலயும் செல்லாது. பழைய டப்பாவ மேலயே விட்டுட்டேன், கனெக்ஷன மட்டும் கழட்டிட்டு புதுச கீழ வச்சேன். மாமா பாத்த முகம் மாறக்கூடாதுன்னு எனக்கு.

ரெண்டு முள் ப்ளக்க எடுத்துட்டு மூணு முள் போட்டு சேசிஸ, அதாவது உலோக அடிச்சட்டத்த, எர்த் பண்ணேன். இதுல சமரசமே கிடையாது.

அப்புறம் சீரிஸ் லேம்ப். 60 வாட் குண்டு பல்ப சீரிஸ்ல போட்டு கரண்ட் குடுக்கணும், உள்ள ஷார்ட் இருந்தா பல்ப் முழுசா எரியும், செட்டு தப்பிச்சுரும். மொதல்ல ஈசிசி83யும் ஈஎல்84யும் கழட்டிட்டு ரெக்டிஃபயர மட்டும் வச்சுப் போட்டேன். பல்ப் பளிச்சுன்னு எரிஞ்சு மங்குச்சு, அப்புறம் வால்வு சூடானதும் லேசா ஏறி எறங்குச்சு, வோல்டேஜ் நல்லா வந்துச்சு. ஆஃப் பண்ணிட்டு பத்து நிமிஷம் கழிச்சு மீட்டர் வச்சா 240 வோல்ட்! ப்ளக் கழட்டி தரைல கெடக்கு, உள்ள 240 வோல்ட் அப்படியே நிக்குது. மத்த வால்வு இல்லாததால அந்த சார்ஜ் வடிய வழியே இல்ல. அன்னைலருந்து 10 கிலோ ஓம்ஸ் 5 வாட் ரெசிஸ்டர் ஒண்ணுக்கு ரெண்டு பக்கமும் க்ளிப் வச்சு, அத மாட்டி வடிய விட்டு, மீட்டர்ல பூஜ்யம் பாத்துட்டுத்தான் கைய உள்ள விடுறேன். அதுவும் ஒரு கைதான், இன்னொரு கை பேண்ட் பாக்கெட்ல.

எல்லா வால்வையும் போட்டு, ஸ்பீக்கர மாட்டி (ஸ்பீக்கர் இல்லாம வால்வு ஆம்ப்ளிஃபயர ஓட்டவே கூடாது, அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் உள்ளயே பொரிஞ்சுரும்) நேரா கரண்ட் குடுத்தேன். ரெண்டு நிமிஷத்துல ஒரு ஈஎல்84க்குள்ள இருக்கற தகடு செவக்க ஆரம்பிச்சுது. அணைச்சுட்டு மாமாவுக்கு போன் போட்டேன். வால்வு போயிருச்சு மாமா, புதுசு வாங்கணும்னு சொன்னேன்.

"அவசரப்படாத. ரெண்டையும் எடம் மாத்திப் போடு. செவப்பு, வால்வு கூடவே போகுதா, அதே சாக்கெட்லயே நிக்குதான்னு பாரு."

சாக்கெட்லயே நின்னுச்சு. அப்போ வால்வு மேல தப்பே இல்ல. அந்த வால்வக் கழட்டிட்டு ரெண்டாவது பின்ல அளந்தேன், அது க்ரிட், அதாவது வால்வுக்குள்ள சிக்னல் போற எடம், அங்க பூஜ்யம் இருக்கணும், 14 வோல்ட் இருந்துச்சு. முன்னாடி ஸ்டேஜ்லருந்து வர்ற 0.05 மைக்ரோஃபாரட் பேப்பர் கண்டன்சர், மெழுகு பூசுனது, அது சிக்னல மட்டும்தான் விடணும், ஆனா டிசியையும் கசிய விட்டுட்டு இருந்துருக்கு. க்ரிட்ல அந்த 14 வோல்ட் ஏறுனதும் வால்வு தாங்கற 12 வாட்டுக்கு மேல போயி தகடு செவந்துருச்சு. இதுல என்னன்னா, அதே கண்டன்சர நான் ஒரு வாரம் முன்னாடி கழட்டி மல்டிமீட்டர்ல ஓம்ஸ் பாத்து நல்லாருக்குன்னு திரும்பப் போட்டவன். மல்டிமீட்டர் குடுக்கறது சின்ன வோல்டேஜ், கசிவு தெரியறது 200 வோல்ட் ஏறினாத்தான். மாமா அந்தக் காலத்துல மீட்டர் கூட இல்லாம, எடம் மாத்திப் போட்டே கண்டுபுடிச்சுருக்கார்.

0.047 மைக்ரோஃபாரட், 630 வோல்ட் பாலியஸ்டர் கண்டன்சர் நாலு வாங்கினேன், எல்லாம் சேத்து ஒரு டீ வடை காசு. பேப்பர் கண்டன்சர் நாலையும் மாத்தினேன். ஈஎல்84 கேத்தோட்ல (வால்வுக்குள்ள எலக்ட்ரான் கெளம்பற முனை) 270 ஓம்ஸ் ரெசிஸ்டர் மேல ஒரு பக்கம் 9.6 வோல்ட், இன்னொரு பக்கம் 9.4, அதாவது ஒவ்வொரு வால்வும் 35 மில்லி ஆம்பியர். செவப்பு இல்ல. ஒரு 100 கிலோ ஓம்ஸ் ரெசிஸ்டர் 137 ஆகியிருந்துச்சு, அதயும் மாத்திட்டு வேற எதயும் தொடல. மாமா போட்ட சால்டர் எல்லாம் இன்னும் பளபளன்னு இருக்கு, அத எதுக்குக் கழட்டணும்?

போன மாசம் ஊருக்கு எடுத்துட்டுப் போனேன். ஆன் பண்ணதும் மாமா பாட்டக் கேக்கல, ட்ரான்ஸ்ஃபார்மர் மேல உள்ளங்கைய வச்சு ஒரு கால் மணி நேரம் சும்மா உக்காந்திருந்தார். சூடு சரியா இருக்குன்னு தெரிஞ்சப்புறம்தான் நிமிர்ந்தார். "ட்ரெபிளக் கொஞ்சம் கூட்டு, மாடில பழைய குழாய் ஒண்ணு கெடக்கு, போயி எடுத்துட்டு வா"ன்னார். நான் குழாயத் தூக்கிட்டு எறங்கி வர்றதுக்குள்ள அவரு துணில சுத்தி வச்சிருந்த மைக்க எடுத்து வயரச் சீவிட்டு இருந்தார்.